பேனரில் விடுபட்டுப்போன 24 வருஷம்

எங்கள் ஊர்க் கோவில் சபைப் பெரியவர்களுக்கும், செப்டம்பர் 27 நிகழ்ச்சிக்காக ஓடியாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்தபோது மடப்பள்ளிச் சுவரில் ஒரு பேனரைச் சாய்த்து வைத்திருந்தீர்கள். மழை படாமல் பிளாஸ்டிக் சுற்றியிருந்ததால் பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதியில் இரண்டு வரி: "நான்கு உயிர்கள் விழுந்தன. நாடு எழுந்தது." முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வகுப்பு எடுத்தவளுக்குக் கண் முதலில் எழுத்துப் பிழையைத்தான் தேடும். பிழை ஒன்றும் இல்லை. எழுதிய பிள்ளைக்கு என் பாராட்டு. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான் நடுவில் இருக்கிற அந்த முற்றுப்புள்ளி உறுத்த ஆரம்பித்தது.

இங்கே கரும்புத் தோட்டத்தில் நான்கு பேர் சுடப்பட்டது 1943 செப்டம்பர் 27, திங்கட்கிழமை. மொரீஷியஸ் சுதந்திரம் அடைந்தது 1968 மார்ச் 12. அந்தப் புள்ளிக்குள் 24 வருஷமும் ஐந்தரை மாதமும் அடைபட்டுக் கிடக்கின்றன.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். சபைச் செயலாளர் தம்பி என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்தான், காதைத் திருகிக்கூடச் சொல்லலாம். ஆனால் இந்த இரண்டு வரியை எழுதியது நீங்கள் மட்டும் இல்லை. செப்டம்பர் வந்தால் மேடைக்கு மேடை இதே பேச்சுதான்: ரத்தம் சிந்தினார்கள், விடுதலை முளைத்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கேட்டால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அஞ்சலை என்பது பெல் வியூவில் இருக்கிற ஃபுட்பால் மைதானத்தின் பெயர். அவ்வளவுதான்.

அது யுத்த காலம். நாம் அப்போது சாப்பிட்டது பெரும்பாலும் பர்மா அரிசி. 1942-ல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றுபோனது. கரும்புக்காட்டில் முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்குச் சோளமும் மரவள்ளி மாவும்தான் கிடைத்தன. சாமான் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. 1943 செப்டம்பரில் வடக்குத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. பெல் வியூ ஹாரெல் தோட்டத்தில் போலீஸ் தொழிலாளர்களைப் பார்த்துச் சுட்டது. பலர் காயப்பட்டார்கள், நான்கு பேர் இறந்தார்கள்.

அந்த நான்கு பெயரையும் நம் மேடைகளில் பிரெஞ்சு வாயால் உச்சரிக்கிறோம். அஞ்சலே கூப்பென், கிஸ்த்னசாமி மூனீசாமி, மூன்சாமி மூனியென், மார்தே பனபென். சர்க்கார் பதிவேட்டில் குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி எழுதிவைத்த பெயர்கள் இவை. அம்மா வைத்த பெயராகப் படித்துப் பாருங்கள்: அஞ்சலை குப்பன், கிருஷ்ணசாமி முனிசாமி, முனிசாமி முனியன், மருதை. திண்டிவனம் பக்கம் எந்த ஊரில் போய்க் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அஞ்சலைக்கு 32 வயது, வயிற்றில் பிள்ளை. முனியன் என்பவர் பெரிய ஆளே இல்லை, சிறுவன்.

1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கியபோது நாம் தெருவில் இறங்கினோம், நானும் போனேன். அச்சடித்த நோட்டுகள் திரும்பப் பெறப்படும்வரை விடவில்லை. நோட்டில் இருக்கிற எழுத்துக்கு அவ்வளவு செய்த நாம், குண்டடி பட்டுச் செத்த நாலு பேரின் பெயரைத் தமிழாகச் சொல்ல ஏன் மெனக்கெடவில்லை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாத்தா வடக்கில் கரும்பு வெட்டியவர். சுட்ட அந்தத் தோட்டத்துக் காம்ப் (தொழிலாளர் குடியிருப்பு) இல்லை, ஆனால் அங்கிருந்து நடந்தே போகிற தூரம். 1970-ல் சுதந்திர நாள் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு அவரிடம் போய் உட்கார்ந்தேன். "சுட்டதும் நீங்க எல்லாரும் என்ன தாத்தா செஞ்சீங்க?" எனக்கு 17 வயது. ஆவேசமான பதில் ஒன்றை எதிர்பார்த்து நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கதவைச் சாத்திக்கிட்டோம்" என்றார்.

அப்புறம் சொன்னார், இறுதி ஊர்வலத்துக்குப் போனவர்கள் போனார்களாம், அவர் போகவில்லையாம். மூன்று பிள்ளைகள், தோட்டத்து மேஸ்திரியான சர்தார் பெயர் குறித்துவைப்பான் என்ற பயம். மறுபடி வேலைக்குப் போனபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லையாம். நான் பேச்சுப்போட்டியில் இதைச் சொல்லவில்லை. நானும் உங்களைப் போலத்தான், ரத்தம், விதை, விருட்சம் என்று பேசி இரண்டாம் பரிசு வாங்கினேன். அந்த வெட்கத்தில்தான் இன்று இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி முதலில் செய்கிற வேலை பயமுறுத்துவது. அதற்காகத்தான் சுடுகிறார்கள், பெரும்பாலும் அது பலிக்கவும் செய்கிறது. பக்கத்தில் மடகாஸ்கரைப் பாருங்கள். 1947 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் கிளம்பினார்கள். பல்லாயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். 1960-ல் சுதந்திரம் வந்தது உண்மை, ஆனால் நடுவில் பல வருஷம் அந்த நாட்டில் அரசியல் வாய் திறக்கவே தயங்கியது. கொன்றால் ஜனங்கள் தானாகக் கிளம்புவார்கள் என்று ஒரு விதி இருந்தால், காலனி ஆட்சி எதுவும் பத்து வருஷம் தாண்டியிருக்காது.

அப்படியானால் பெல் வியூவில் விழுந்த குண்டுகள் ஒன்றும் செய்யவில்லையா? செய்தன. என்ன செய்தன என்பதற்கு ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1937-ல் ஊபா கரும்புத் தகராறு. ஊபா என்பது முரட்டு ரகம், சின்ன விவசாயிகள் அதிகம் போட்டது. ஆலைக்காரர்கள் அதற்கு 15 சதவீதம் விலையைக் குறைத்தார்கள். ஊர் ஊராகக் கொதித்தது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி யூனியன் ஃபிளாக் ஆலைக்கு ஊர்வலமாகப் போனவர்கள்மேல் துப்பாக்கி வெடித்தது, அங்கேயும் நான்கு பேர் இறந்தார்கள். ஆனால் அங்கே சுட்டது ஆலையின் ஆட்கள். இன்னொன்றும் உண்டு, மேடையில் யாரும் சொல்வதில்லை: அந்த ஆலையின் முதலாளி வெள்ளைக்காரர் இல்லை, நம்மைப் போலவே இந்திய வம்சாவளி. காலனி என்பது ஒரு தோல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு யூனியன் ஃபிளாக்கைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

ஆலையின் ஆட்கள் சுட்டால் ஒரு தொழிலாளி என்ன நினைப்பான்? முதலாளி அநியாயக்காரன், ஆனால் மேலே கவர்னர் இருக்கிறார், அவருக்கு மேலே லண்டனில் ராஜா இருக்கிறார், அவர்களிடம் முறையிடலாம் என்று நினைப்பான். அது நம் பாட்டன்மார்களுக்குப் பழகிப்போன வழி. 1871-ல் அடோல்ஃப் த ப்ளெவிட்ஸ் எழுதிய மனுவில் 9,401 பேர் பெயர் சேர்த்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கிற கொடுமை, பாஸ் இல்லாமல் சாலையில் நடந்தால் பிடித்து உள்ளே தள்ளுகிற கொடுமை எல்லாவற்றையும் கவர்னரிடம் முறையிட்ட மனு அது. லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது, 1875-ல் அறிக்கையும் கொடுத்தது, கொஞ்சம் நிலைமை மாறியது. 1937-க்குப் பிறகும் அதே கதைதான்: ஹூப்பர் தலைமையில் விசாரணை, அதன்பின் 1938-ல் தொழிற்சங்கம் வைக்கச் சட்டம். அடித்தால் அழு, அழுதால் குழு வரும், குழு வந்தால் ஒரு துண்டு கிடைக்கும். இந்த நம்பிக்கையில்தான் காலனி ஆட்சி நின்றது. துப்பாக்கியைவிட இதுதான் அதற்குப் பலமான தூண் என்பது என் எண்ணம்.

அந்தத் தூணில் 1938-லேயே விரிசல் விட்டது. துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கவர்னர் பீட் கிளிஃபோர்டு தொழிலாளர் கட்சியின் இம்மானுவேல் ஆங்கெட்டீலைப் பிடித்து ரோட்ரிக்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார். கட்சியை 1936-ல் தொடங்கிய டாக்டர் மொரீஸ் குய்ரே வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். சங்கம் வைக்கச் சட்டம் கொடுத்த அதே கை, அதே வருஷம், சங்கம் வைத்தவனைக் கப்பலில் ஏற்றியது.

1943-ல் மிச்சமும் இடிந்தது. பெல் வியூ ஹாரெலில் சுட்டது ஆலையின் கையாள் இல்லை, சர்க்கார் சம்பளம் வாங்குகிற போலீஸ். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று நியாயம் பார்க்கிறவன் என்று யாரை நினைத்தார்களோ அவன்தான் துப்பாக்கியைத் தூக்கினான். இனி யாரிடம் மனு கொடுப்பது? வழக்கம்போல விசாரணை வைத்தார்கள். வடக்கு மொரீஷியஸில் நடந்த "கலவரங்கள்" பற்றிய விசாரணை என்று பெயர். செத்தது தொழிலாளி, கலவரக்காரனும் அவனேதான். அந்தக் குழுவின் தலைவர் பெயர் மூடி. தமிழில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும், கொதிக்கிற பானைக்குச் சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கேதான் என் தாத்தாவின் கதையில் அடுத்த பகுதி வருகிறது. கதவைச் சாத்திய மனுஷன் எப்போது திறந்தார்?

"மறுபடி கூலியைப் பத்திப் பேச ஆரம்பிக்கல. ஓட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க" என்றார். யார் என்று கேட்டேன். "எல்லாரும்தான். கிரியோல், பீகாரி, நம்மாளு." கிரியோல் என்றால் ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளி மக்கள்.

அந்த டிசம்பரிலேயே இந்து சமயப் பிரசாரகர் பாஸ்தேவ் பிசுன்தயால் போர்ட் லூயிஸில் மகா யாகம் நடத்தினார். துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கூட்டம் கூடினால் சுடுகிற காலம். கோவில் சபைக்காரர்களுக்கு இதன் அர்த்தம் மற்றவர்களைவிட நன்றாகவே புரியும். பூஜைக்குக் கூடுகிறவனைப் பார்த்துப் போலீஸ் என்ன செய்யும்? பல்லாயிரக்கணக்கில் வந்தார்கள். தாத்தா போனார், ரயிலில். அன்றைக்குத்தான் முதல் தடவையாக இத்தனை பேர் நாம் இருக்கிறோம் என்று கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். காம்பில் கதவைச் சாத்திக்கொண்டவன் தன்னைத் தனி ஆளென்று நினைத்திருப்பான். அங்கே போனவனுக்கு அந்த நினைப்பு போயிருக்கும்.

பிறகு 1947-ல் புது அரசியல் சட்டம். அதுவரை சொத்தும் வருமானமும் இருந்தால்தான் ஓட்டு. நாலு லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த தீவில் 12,000 வாக்காளர்கூட இல்லை. புது விதிப்படி இந்தத் தீவில் புழங்கும் எந்த மொழியிலாவது எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், ஆணும் பெண்ணும் ஓட்டுப் போடலாம். பெல் வியூ குண்டுதான் இதைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். லண்டனில் ஆட்சி மாறியது, யுத்தம் முடிந்து பிரிட்டன் களைத்திருந்தது, இந்தியா கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் கதவு கொஞ்சம் திறந்தபோது உள்ளே நுழைய இங்கே ஆட்கள் தயாராக இருந்தார்கள். அந்தத் தயாரிப்பைத்தான் நீங்கள் பேனரில் விட்டுவிட்டீர்கள்.

பகல் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு எழுத்துப் படித்தார்கள். பிசுன்தயாலின் ஆட்கள் பைட்கா என்ற ஊர்க் கூடங்களில் ஹிந்தி சொல்லிக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் கோவில் தாழ்வாரம். தாத்தாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. அரிவாள் பிடித்துக் காய்த்துப்போன விரலில் பலப்பம் நிற்காதாம். 'ழ' போடுவதற்குள் வியர்த்துவிடும் என்பார். பலப்பம் உடைந்தால் அடுத்த துண்டுக்குப் பாட்டி கடைக்கு ஓடுவாள். பாட்டிக்கும் ஆசை வந்து அவளும் உட்கார்ந்துவிட்டாள். அவள் கையெழுத்து அவர் கையெழுத்தைவிட அழகு, அதில் அவருக்குக் கடைசிவரை ஒரு வருத்தம்.

1948 ஆகஸ்டில் தேர்தல். வாக்காளர் பட்டியலில் சுமார் 72,000 பேர். 19 இடங்களில் 11 இடம் இந்திய வம்சாவளியினருக்கு, ஒரே ஒரு இடம் பிரெஞ்சு வம்சாவளி வெள்ளையருக்கு. அதற்கு முன் நூறு வருஷத்துக்கு மேல் சட்டசபை என்றால் ஆலை முதலாளிகளின் வரவேற்பறை மாதிரிதான். தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. கவர்னர் கையில் 12 நியமன இடம் இருந்தது, அவற்றை வைத்து தராசை மறுபடி சாய்த்துக்கொண்டார்கள். ஓட்டில் ஜெயித்தும் ஆட்சி இல்லை என்று தெரிந்த பிறகுதான் 1950-களில் எல்லோருக்கும் ஓட்டு, பொறுப்பாட்சி என்ற பேச்சு வலுத்தது. நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கிற ரங்கநாதன் சீனிவாசன் அந்தக் காலத்துத் தொழிலாளர் கட்சி வக்கீல், நம்மவர். 1958-ல் இறந்துபோனார். அடுத்த வருஷம் நடந்த தேர்தலில்தான் வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை.

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். 1967 ஆகஸ்ட் 7 தேர்தல்தான் சுதந்திரம் வேண்டுமா என்பதைத் தீர்த்தது. நூற்றுக்குச் சுமார் 44 பேர் வேண்டாம் என்ற பக்கம் நின்றார்கள். அதில் கிரியோல் மக்கள் மட்டும் இல்லை, தமிழர்களும் கணிசமாக இருந்தார்கள். எங்கள் வீட்டிலேயே சுதந்திரம் கேட்டவர்களின் சாவிச் சின்னத்துக்கு இரண்டு ஓட்டு, வேண்டாம் என்றவர்களின் சேவல் சின்னத்துக்கு இரண்டு ஓட்டு. பெரியப்பா, சேவல் கட்சித் தலைவர் காயேதான் துய்வாலின் கூட்டம் ஒன்றையும் விடமாட்டார். பெரும்பான்மை கையில் நாடு போனால் நம் மொழி, நம் கோவில் என்ன ஆகும் என்று அவருக்கு நிஜமான பயம். அவர் முட்டாள் இல்லை, துரோகியும் இல்லை. நான்கு தமிழர்கள் செத்த ஊருக்குப் பக்கத்து ஊரில், 24 வருஷத்துக்குப் பிறகு, தமிழர்களே அந்த விடுதலைக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள் என்றால், "விழுந்தன, எழுந்தது" என்ற கணக்கு எங்கே போய் நிற்கிறது? பெரியப்பா மாதிரி ஆட்களின் பேரப்பிள்ளைகளும் செப்டம்பர் 27-ஆம் தேதி அந்தப் பந்தலில் உட்காரப்போகிறார்கள். அவர்களுக்கும் இடம் இருக்கிற மாதிரி பேசுங்கள்.

சாகோஸ் தீவுக்காரர்களையும் ஒரு வரியாவது சொல்லுங்கள். சுதந்திரம் கொடுக்கிற பேச்சு நடக்கும்போதே, 1965-ல், பிரிட்டன் அந்தத் தீவுகளை நம்மிடமிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு 30 லட்சம் பவுன் கொடுத்தது. அங்கே இருந்த ஜனங்களை 1973-க்குள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அப்புறப்படுத்தினார்கள். அதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. கப்பல் போதுமாக இருந்தது.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

பேனரை மாற்றச் சொல்லவில்லை, அடித்த காசு வீணாக வேண்டாம். அந்த முற்றுப்புள்ளி இருக்கிற இடத்தில் "1943 – 1968" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்க்கிறவர்கள் என்ன இது என்று கேட்கட்டும், கேட்டால் சொல்லலாம்.

நான்கு பெயரையும் மைக்கில் வாசிக்கிறவர் தமிழ் உச்சரிப்பில் வாசிக்க வேண்டும். கூப்பென் வேண்டாம், குப்பன்.

அமைச்சர் பேச்சு முக்கால் மணி நேரம் என்று கேள்விப்பட்டேன். அதைக் குறைக்க உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் பிள்ளைகளை எனக்குக் கொடுங்கள். தாழ்வாரத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சிலேட்டில் அந்த நான்கு பெயரையும், கீழே தன் தாத்தா பாட்டி பெயரையும் எழுதச் சொல்லப்போகிறேன். இந்தத் தாழ்வாரத்தில் யாரெல்லாம் உட்கார்ந்து எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று எழுதும்போதே சொல்வேன். பாதிப் பேருக்கு 'ழ' வராது. பரவாயில்லை.

பழைய சிலேட்டுகள் ஸ்டோர் ரூமில் தைப்பூசத்துக் காவடிக் கட்டைகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும், யாராவது எடுத்துத் துடைத்துவையுங்கள். பலப்பம் நான் கொண்டுவருகிறேன். எனக்குப் பஸ் இலவசம், அதனால் வருவதில் சிரமம் இல்லை. முடியும்போது இருட்டிவிடும், திரும்பும்போது மட்டும் யாராவது காரில் கொண்டுவந்து விட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் டீச்சர்